டர்ட் ஜம்புக்கு ஃபோர்க்கை மாற்றுவது: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

ஞாயிறு காலையில் சிங்கப்பூரின் செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவில் ஷாக் பம்பை (ஃபோர்க்குக்குக் காற்றடிக்கும் பம்ப்) வெளியே எடுத்தால் போதும், யாராவது ஒரு தம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்பான். "அண்ணே, ஃபோர்க் ரொம்ப அமுங்குது." மீதி வாட்ஸ்அப்பில் தொடரும். ஃபோர்க் என்பது முன்சக்கரத்தைத் தாங்கும், அமுங்கி எழும் கவட்டை. டர்ட் ஜம்ப் என்பது மண்மேட்டில் ஏறிச் சைக்கிளோடு காற்றில் குதிப்பது. நான் சைக்கிள் மெக்கானிக் இல்லை, வாரநாளில் மின்தூக்கி பராமரிப்பு வேலை. என் ஃபோர்க்குகளை நானே பிரித்து, இரண்டைக் கெடுத்து, அதில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன்.

டர்ட் ஜம்புக்கு ஏன் தனி ஃபோர்க்? கெத்தாமுக்கு ஓட்டுற அதே சைக்கிள்ல குதிக்கக் கூடாதா அண்ணே?

குதிக்கலாம். ஆனால் இரண்டு இடத்திலும் ஃபோர்க்குக்கு வேலை வேறு. புலாவ் உபினில் கெத்தாம் தடத்தில் கல்லும் வேரும் வந்துகொண்டே இருக்கும். ஃபோர்க் ஒவ்வொன்றுக்கும் அமுங்கி எழ வேண்டும். டர்ட் ஜம்ப் மேடு வழித்துப் பூசிய மாதிரி இருக்கும். அதன் வளைவில் ஏறும்போது கையாலும் காலாலும் அழுத்தி, அந்த அழுத்தத்தைத்தான் உயரமாக மாற்றுகிறோம். மெத்தென்ற ஃபோர்க் அதைத் தானே குடித்துவிடும். மெத்தை மேல் நின்று ஒருமுறை எம்பிப் பாருங்கள், பிறகு தரையில் நின்று எம்பிப் பாருங்கள், புரிந்துவிடும்.

அதனால் இதற்கென்றே வரும் ஃபோர்க்குகள் பெரும்பாலும் 26 அங்குலச் சக்கரத்துக்கு, 100 மி.மீ. ட்ராவலில் (ஃபோர்க் அமுங்கக்கூடிய மொத்தத் தூரம்) வருகின்றன: ராக்‌ஷாக்ஸ் பைக் டிஜே, ஃபாக்ஸ் 36-இன் 26 அங்குல வடிவம், மார்சோக்கி பாம்பர் டிஜே, மானிட்டூ சர்க்கஸ். முதல் பெயரைத் தமிழில் எழுதினால் Pike-உம் bike-உம் ஒன்றாகிவிடுகிறது, என்ன செய்ய.

அமுங்கவே கூடாதுன்னா பேசாம ரிஜிட் ஃபோர்க் போட்டுக்கலாமே?

நல்ல கேள்வி. பிஎம்எக்ஸ்காரர்கள் அப்படித்தான் ஓட்டுகிறார்கள், மலைச் சைக்கிளிலும் சிலர் செய்கிறார்கள். எடை குறையும், பராமரிப்பு கிடையாது. உங்கள் ஃபோர்க்கின் உயரத்துக்கு ஈடான நீளத்தில் ரிஜிட் ஃபோர்க் கிடைத்தால் தாராளமாகப் போடலாம்.

நான் போடாததற்குக் காரணம் என் மணிக்கட்டு. டர்ட் ஜம்பில் ஃபோர்க் இருப்பது நல்ல குதிப்புக்காக இல்லை, சொதப்பிய குதிப்புக்காக. தூரம் பற்றாமல் இறங்குமேட்டின் முட்டில் முன்சக்கரம் இடிக்கும் அந்த ஒரு நொடிக்காகத்தான் 100 மி.மீ. வைத்திருக்கிறோம். மற்ற நேரமெல்லாம் அது ரிஜிட் ஃபோர்க் மாதிரி நடந்துகொள்ள வேண்டும். கீழே சொல்லும் மாற்றங்கள் எல்லாமே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

சைக்கிளோட வந்த சாதா ஃபோர்க்கையே மாத்திக்க முடியுமா? 200 வெள்ளிக்குள்ள முடிக்கணும்.

முடியாது. இதைச் சொல்லும்போது முகம் வாடுவதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, ஆனால் பல் உடைவதைப் பார்க்க இன்னும் பிடிக்கவில்லை. மெல்லிய கால், 9 மி.மீ. குவிக்-ரிலீஸ் ஆக்சில் (சக்கர அச்சு), உள்ளே ஒரு சுருள், பெயருக்கு ஒரு குமிழ். இதில் எதை மாற்றினாலும் காலும், இரண்டு காலையும் மேலே இணைக்கும் கிரவுனும் அதேதான்.

உங்கள் சைக்கிளின் கையேட்டைப் புரட்டுங்கள். ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின்படி பயன்பாட்டு வகை எண் போட்டிருக்கும். 3-ஆம் வகை என்றால் 61 செ.மீ. வரையான குதிப்பு, 4 என்றால் 122 செ.மீ., டர்ட் ஜம்ப் 5-ஆம் வகை. உங்களுடையது 3 என்றால் அந்த 200 வெள்ளியைச் சேர்த்து வையுங்கள். அதுவரை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் சைக்கிளிஸ்ட் பார்க்கிலோ செஸ்ட்நட்டிலோ இரண்டு சக்கரமும் தரையிலேயே இருக்க மேடுபள்ளத்தை அழுத்தி ஓட்டப் பழகுங்கள். பெடல் போடாமல் ஒரு சுற்று வரத் தெரிந்தவனுக்குப் பாதி குதிப்பு வந்துவிட்டது.

காத்து எவ்வளவு அடிக்கணும்? நம்பர் மட்டும் சொல்லுங்க.

நம்பர் சொன்னால் தப்பாகிவிடும். நான் 68 கிலோ, என் ஃபோர்க்கில் 105 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு). என் எடையே உள்ள நண்பர் வேறு கம்பெனி ஃபோர்க்கில் 88 வைத்திருக்கிறார். இரண்டும் ஒரே இறுக்கம். காற்றறையின் அளவு வேறு, அவ்வளவுதான்.

அளக்க வேண்டியது சேக். நீங்கள் ஏறி நின்றதும் ஃபோர்க் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் சேக். காலில் ரப்பர் வளையம் இல்லையென்றால் ஒரு கேபிள் டை கட்டிக்கொள்ளுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு பெடலில் எழுந்து நின்று, வளையத்தை, மேல் கால் கீழ்க்காலுக்குள் நுழையும் இடத்து ரப்பர் சீல் வரை தள்ளி, ஆட்டாமல் இறங்கி, எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். தடத்தில் ஓட்ட 20 முதல் 25 சதவீதம் வைப்பார்கள். டர்ட் ஜம்புக்கு 10 சதவீதம் போதும், அதாவது 100 மி.மீ. ஃபோர்க்கில் 10 மி.மீ. ஃபோர்க்கின் காலிலோ கையேட்டிலோ போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள்.

காற்றை ஏற்றியதும் ஃபோர்க்கை மெதுவாகப் பத்துமுறை அமுக்கி எடுங்கள். மேல் அறைக்கும் கீழே இருக்கும் எதிர் அறைக்கும் காற்று சமமாகப் பரவ வேண்டும். பிறகு மறுபடி அளந்தால் குறைந்திருக்கும், திரும்ப ஏற்றுங்கள். பழைய ஃபோர்க்கில் அடியில் இரண்டாவது வால்வு இருந்தால் எதிர் அறைக்குத் தனியாகக் காற்றடிக்க வேண்டும். முடிவான எண்ணை மாஸ்கிங் டேப்பில் எழுதிச் சைக்கிள் சட்டத்தில் (ஃப்ரேமில்) ஒட்டிவிடுங்கள். நினைவை நம்பாதீர்கள்.

பம்பைக் கழட்டும்போது புஸ்ஸுன்னு சத்தம் வருது. அடிச்ச காத்தெல்லாம் போயிடுதா?

இல்லை. அது பம்புக் குழாயில் நின்ற காற்று. வால்வு அதற்கு முன்பே மூடிவிடும். திரும்ப மாட்டிப் பார்த்தால் எண் குறைவாகக் காட்டுவது, குழாயை நிரப்ப ஃபோர்க்கிலிருந்து கொஞ்சம் போவதால்.

காத்தை ஏத்துனேன், மேடு ஏறும்போது சூப்பர். ஆனா தப்பா இறங்குனா இன்னும் 'டங்'குன்னு அடியில இடிக்குது.

இங்கேதான் டோக்கன் வருகிறது. மேல் மூடியின் அடியில் திருகும் சின்ன பிளாஸ்டிக் கட்டை அது. காற்றறையில் இடத்தை அடைத்துக்கொள்ளும், வேறு ஒன்றும் செய்யாது. என்ன பயன் என்பதைப் பள்ளியில் படித்த பாயில் விதியே சொல்லும்: இடம் பாதியானால் அழுத்தம் இரட்டிப்பாகும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். காற்றறை 150 மி.மீ. நீளம், ட்ராவல் 100, உள்ளே 80 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காற்றின் அழுத்தத்தையும் கணக்கில் சேர்த்தால், பாதி அமுங்கும்போது பம்ப் காட்டும் அழுத்தம் சுமார் 127, முழுக்க அமுங்கினால் சுமார் 270. இப்போது டோக்கன் போட்டு 15 மி.மீ. நீளத்தை அடைக்கிறோம். பாதியில் 136, கடைசியில் 350. நடுவில் கை உணராத வித்தியாசம், அடியில் சுவர் எழுப்பின மாதிரி. தொடக்கத்தை இறுக்குவது காற்று, முடிவை இறுக்குவது டோக்கன். டங் சத்தத்துக்குக் காற்றையே ஏற்றிக்கொண்டு போனால் கடைசியில் ஃபோர்க் கல்லாகிவிடும், ரிஜிட் போட்டிருக்கலாம்.

ஒரு நேரத்தில் ஒரு டோக்கன் மட்டும். எத்தனை வரை போடலாம் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும்.

டோக்கன் போட்டா ட்ராவல் குறையும்தானே? ஸ்பேசர் போட்டா குறையும்னு கடையில சொன்னாங்க.

இரண்டு வேறு சாமானுக்கும் 'ஸ்பேசர்' என்றே பெயர் வைத்ததால் வந்த குழப்பம். மேல் மூடியில் போவது அறையின் கொள்ளளவைக் குறைக்கும், ஃபோர்க்கின் நீளம் மாறாது. நீளத்தைக் குறைப்பது கீழே, காற்றுத் தண்டில் பிஸ்டனுக்கு அடியில் மாட்டும் ஸ்பேசர். ஃபோர்க் முழுக்க நீள விடாமல் அது தடுக்கும்.

சில ஃபோர்க்குகளில் இந்த ஸ்பேசரைக் கவ்விப் போட்டு 10, 20 என்று குறைக்கலாம். புதிய ராக்‌ஷாக்ஸ் பலவற்றில் அது நடக்காது, வேண்டிய ட்ராவலுக்கான காற்றுத் தண்டையே வாங்கி மாற்ற வேண்டும். உங்கள் மாடல் எண்ணைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பிளம்பிங் குழாயை வெட்டி ஸ்பேசர் செய்யும் வீடியோக்கள் இருக்கின்றன. விளிம்பு ஒரு மில்லிமீட்டர் கோணலாக இருந்தாலும் தண்டில் கீறல் விழும், அதோடு காற்று நிற்காது. கெடுத்த இரண்டில் ஒன்று அப்படிப் போனதுதான்.

140-ஐ 100 ஆக்குனா சைக்கிள் எப்படி மாறும்?

முன்பக்கம் இறங்கும். 20 மி.மீ. குறைத்தால் ஹெட் டியூபின் (ஃபோர்க்கின் தண்டு நுழையும் சட்டக் குழாய்) கோணம் கிட்டத்தட்ட 1 டிகிரி நிமிரும், 40 குறைத்தால் 2 டிகிரி. ஹேண்டில் சட்டென்று திரும்பும், காற்றில் சைக்கிளைச் சுழற்றுவது எளிது. பெடலும் தரைக்குக் கொஞ்சம் நெருங்கும். தடத்துக்கான சைக்கிளை டர்ட் ஜம்புக்கு மாற்றுகிறவர்கள் இதற்காகவே குறைக்கிறார்கள்.

தலைகீழாக, 100-க்கென்று செய்த சட்டத்தில் 140 போடாதீர்கள். நீண்ட ஃபோர்க் நெம்புகோல் மாதிரி ஹெட் டியூபை நெம்பும், பெயின்ட்டுக்கு அடியில் வெல்டிங் ஓரமாக விரிசல் ஓடும்.

ரீபவுண்ட் எத்தனை கிளிக்ல வைக்கணும்? மேட்டு நுனியில சைக்கிள் என்னைத் தூக்கி வீசுது.

தூக்கி வீசுகிறது என்றால் ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஃபோர்க் திரும்பி எழுவது, வேகமாக இருக்கிறது. மேட்டின் வளைவில் அமுங்கிய ஃபோர்க், சரியாக நுனியில் வைத்து விறுட்டென்று நீள்கிறது. முன்சக்கரம் மேலே, நீங்கள் பின்னால். இது அநேகமாகக் காற்றை ஏற்றியபின் தொடங்கியிருக்கும். காற்று கூடினால் ஃபோர்க் திரும்பி எழும் விசையும் கூடும், ரீபவுண்டையும் சேர்த்து மெதுவாக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் இந்த இரண்டாவது வேலையைச் செய்வதில்லை.

குமிழை முழுக்க மூடிவிட்டு, அங்கிருந்து எத்தனை கிளிக் திறக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் நடைபாதை ஓரத்திலிருந்து எழுந்து நின்றபடி உருண்டு இறங்குங்கள். ஃபோர்க் அமுங்கி, எழுந்து, அப்படியே நிற்க வேண்டும். எழுந்து இன்னொருமுறை ஆடினால் ஒரு கிளிக் மூடுங்கள். எழவே சோம்பினால் ஒரு கிளிக் திறங்கள், இல்லாவிட்டால் அடுத்தடுத்த மேடுகளில் ஃபோர்க் அமுங்கியபடியே போய் மூன்றாவதில் ட்ராவலே மிஞ்சியிருக்காது.

லாக்அவுட்டை மூடிட்டே குதிச்சா இந்தத் தொல்லையே இல்லையே?

லாக்அவுட், அதாவது ஃபோர்க்கை அமுங்காமல் பூட்டும் குமிழ், மேட்டுச் சாலையில் பெடல் போடுவதற்கு. அதை மூடிவிட்டு உயரத்திலிருந்து இறங்கினால் உள்ளே எண்ணெய் போக வழியில்லாமல் வால்வு அடி வாங்கும். மெதுவேகக் கம்ப்ரஷன் குமிழ் (ஃபோர்க் மெதுவாக அமுங்குவதைத் தடுப்பது) தனியாக இருந்தால் அதை இரண்டு மூன்று கிளிக் இறுக்குங்கள், லாக்அவுட் திறந்தே இருக்கட்டும்.

என்னோடது சுருள் ஸ்பிரிங் ஃபோர்க். ப்ரீலோட் குமிழை முழுக்கத் திருகிட்டேன், இன்னும் மெத்துன்னுதான் இருக்கு.

ப்ரீலோட் ஸ்பிரிங்கை இறுக்காது. அமுங்கத் தொடங்கும் இடத்தை மட்டும் தள்ளிவைக்கும். சேக் குறையும், ஆனால் அதன்பின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் தேவைப்படும் விசை பழையபடிதான். உங்கள் எடைக்கு ஏற்ற கெட்டியான ஸ்பிரிங் வாங்கி மாற்றுவதே வழி.

பழைய மார்சோக்கி மாதிரி, கால் முழுக்க எண்ணெயில் ஊறும் ஃபோர்க்கில் இன்னொரு வழி உண்டு. எண்ணெய் மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் மேலே காற்றுக்கு இடம் குறையும், டோக்கன் செய்த அதே வேலையை எண்ணெய் செய்யும். 5 மில்லிலிட்டராக ஊற்றிச் சோதியுங்கள். எண்ணெய் அமுங்காது, அதிகமானால் பாதி ட்ராவலிலேயே முட்டி நிற்கும் அல்லது சீலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும்.

5-ஆம் நம்பர் எண்ணெய்க்குப் பதிலா 10 ஊத்துனா ஃபோர்க் இறுகுமாமே?

எங்கே ஊற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. லோவர் காலில், அதாவது கீழ்க்காலில், இருக்கும் எண்ணெய் வழவழப்புக்கு மட்டும், அதை மாற்றினால் ஒன்றும் இறுகாது. டேம்பரில் (அமுங்குவதையும் எழுவதையும் எண்ணெயால் மெதுவாக்கும் பாகம்) கெட்டி எண்ணெய் ஊற்றினால் கம்ப்ரஷனும் ரீபவுண்டும் சேர்ந்தே மந்தமாகும். ஒன்றை விட்டு மற்றதை மாற்ற முடியாது.

தவிர, இந்த 5, 10 எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒருவருடைய 5 இன்னொருவருடைய 7.5-ஐ விடக் கெட்டியாக இருக்கலாம். புட்டியில் 40 டிகிரி செல்சியஸில் இத்தனை சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அளவு) என்று போட்டிருப்பதை ஒப்பிடுங்கள். மூடிய கார்ட்ரிட்ஜ் டேம்பர் என்றால் கை வைக்காதீர்கள், காற்றிலும் டோக்கனிலும் வரும் பலனே போதும்.

வீட்டுலயே பிரிக்கலாமா? எங்கம்மா ஹாலைத் தர மாட்டாங்க.

அம்மா சொல்வது சரி. ஃபோர்க் எண்ணெய் வாசம் சோபாவில் ஏறினால் இறங்காது. நான் வீட்டு வாசலில், தாழ்வாரத்தில், பழைய தமிழ் முரசு நாளிதழை நாலாக மடித்து விரித்துச் செய்கிறேன். யாராவது நடந்தால் எழுந்து வழிவிட வேண்டும், ரப்பர் சுத்தியலை இரவு எட்டு மணிக்குமேல் தொடக்கூடாது.

முதல் வேலை காற்றை முழுக்க இறக்குவது. காற்றோடு மேல் மூடியைத் திருகினால் அது முகத்துக்குத்தான் வரும். பிறகு லோவரின் அடியிலுள்ள இரண்டு போல்ட்டையும் மூன்று நாலு சுற்று மட்டும் தளர்த்தி, போல்ட் தலையில் சுத்தியலால் தட்டுங்கள். உள்ளே 'டொக்' என்று விடுபடுவது கையில் தெரியும். அப்புறம் கழற்றினால் எண்ணெய் சொட்டும். தேன் நிறத்தில் வந்தால் நல்ல பிள்ளை. என்னுடையது முதல் முறை தேங்காய்ப்பால் ஊற்றிய கறி மாதிரி வந்தது, தண்ணீர் கலந்திருந்தது. தூசி சீலுக்கு அடியில் இருக்கும் பஞ்சு வளையத்தைத் துடைத்துப் புது எண்ணெயில் ஊறவைத்து மாட்டுங்கள்.

லோவர் பராமரிப்புக்கு ராக்‌ஷாக்ஸ் சொல்வது 50 மணி நேரம். மழையில் நனைந்த வாரம் கூடுதலாக ஒன்று செய்துவிடுங்கள். நம் ஊரில் வாசலில் நிறுத்திய சைக்கிளே ஈரத்தில் துரு பிடிக்கிறது. கழிவெண்ணெயைக் கால்வாயிலோ குப்பைக் குழாயிலோ ஊற்றக்கூடாது. இங்கே கால்வாய்த் தண்ணீர் பெரும்பாலும் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது. நான் பழைய புட்டியில் சேர்த்து, தெரிந்த கார்ப் பட்டறையில் கொடுத்துவிடுகிறேன்.

முன் பிரேக்கைக் கழட்டிட்டா ஹேண்டிலைச் சுத்தலாம். போலீஸ் பிடிப்பாங்களா?

2021 செப்டம்பரிலிருந்து இங்கே பொதுப்பாதையிலும் சாலையிலும் ஓட்டும் சைக்கிளில் வேலை செய்யும் கைப்பிரேக் ஒன்றாவது இருக்க வேண்டும். பின் பிரேக் நன்றாக இருந்தால் அந்தச் சட்டத்துக்குப் போதும்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. எம்ஆர்டி ரயிலில் மடிக்கும் சைக்கிளைத்தான் விடுவார்கள், அதனால் திடலுக்கு ஓட்டித்தான் போகிறோம். திடலில் பின் பிரேக் போதும். மழையில் லாரிக்குப் பின்னால் போதாது.

தம்பி, என் மகன் யாரோ போட்டுப் பழசான ஃபோர்க்கை 350 வெள்ளிக்கு வாங்கப் போறேங்கிறான். நான் என்ன பாக்கணும்?

அக்கா, மூன்று இடத்தைப் பாருங்கள். வழவழப்பான மேல் காலில் விரல் நகத்தை மேலிருந்து கீழே ஓட்டுங்கள், நகம் மாட்டுகிற கீறல் இருந்தால் வேண்டாம். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டீரர் குழாயை அளக்கச் சொல்லுங்கள், மகனின் சைக்கிளுக்குக் குட்டையாக வெட்டியிருந்தால் ஒட்ட முடியாது. அது நேர்க் குழாயா, அடியில் தடித்ததா என்பதும் சட்டத்தோடு பொருந்த வேண்டும். சக்கரத்தின் ஆக்சில் 15 மி.மீ.ஆ 20 மி.மீ.ஆ என்று கேளுங்கள், மாறினால் முன்சக்கரத்துக்கும் செலவு வரும்.

சைக்கிளில் மாட்டியிருந்தால் முன்சக்கரத்தைச் சுவரில் முட்டுக்கொடுத்து முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லி, சீல் இருக்கும் இடத்தில் விரலை வையுங்கள். அங்கே லொடலொடத்தால் உள்ளே மேல் கால் வழுக்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. கழுத்தில் ஆடினால் ஹெட்செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்), அது சின்ன வேலை. விற்கிற பையன் பிரித்துக் காட்ட யோசித்தால் நீங்களும் யோசியுங்கள்.

என்கிட்ட 29 இன்ச் ஃபோர்க் ஒண்ணு சும்மா கிடக்கு. 26 சக்கரத்தை மாட்டிக்கலாமா?

மாட்டினால் உருளும். ஆனால் ரிம் விட்டம் ஒன்றில் 622, மற்றதில் 559 மி.மீ., அதாவது ஆரத்தில் 31.5 மி.மீ. வித்தியாசம். ஃபோர்க்கும் கிட்டத்தட்ட அந்த அளவு நீளமாகத்தான் செய்திருப்பார்கள். 140-ஐப் பற்றிச் சொன்னதை மறுபடி படியுங்கள், அதே நெம்புதல்தான். எதிர்ப்பக்கம், 26 ஃபோர்க்கில் பெரிய சக்கரத்தைத் திணிக்கவே கூடாது. முழுக்க அமுங்கும்போது டயர் கிரவுனில் உரசி நின்றால் நீங்கள் ஹேண்டிலைத் தாண்டிப் போவீர்கள்.

காலைல வீட்டுல 100 வெச்சேன், மத்தியானம் செஸ்ட்நட்ல 103 காட்டுது. பம்ப் கெட்டுப்போச்சா?

ஏர்கான் அறையில் 24 டிகிரியில் அடித்திருப்பீர்கள், வெளியே 32. எட்டு டிகிரிக்கு 3 பிஎஸ்ஐ ஏறுவது கணக்குக்குச் சரியாகவே வருகிறது. திடலுக்கு வந்து பத்து நிமிடம் கழித்து அடியுங்கள், போதும்.

கிரவுன்ல 'கிறுக் கிறுக்'னு சத்தம் வருது. கிரீஸ் போட்டாச்சு, போகலை.

முதலில் ஹெட்செட், ஸ்டெம் (ஹேண்டிலைப் பிடித்திருக்கும் பாகம்) போல்ட், ஆக்சில் மூன்றையும் ஒவ்வொன்றாகத் துடைத்து இறுக்கிப் பாருங்கள். அப்படியும் இருந்தால் செய்தி நல்லதில்லை. ஸ்டீரரும் மேல் கால்களும் கிரவுனில் வெல்டிங் இல்லாமல் அழுத்தத்தில் செருகியவை. முன்சக்கரத்தில் பலமுறை இடித்து இறங்கினால் அந்தப் பிடி தளரும். கிரீஸும் பசையும் அதை மீட்காது. கிரவுன், ஸ்டீரர், மேல் கால்கள் மூன்றும் சேர்ந்த மேற்பாகத்தையே மாற்ற வேண்டும்.

நான் மூன்று மாதம் ஹெட்செட்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு குதித்தேன். புது பேரிங் கூடப் போட்டேன். ஒரு சனிக்கிழமை வாசலில் பிரேக்கைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து வந்த மகள் குனிந்து காதை வைத்துக் கேட்டாள். "அப்பா, இங்கேர்ந்துதான் வருது" என்று கிரவுனின் இடது ஓரத்தில் விரலை வைத்தாள். மறுநாள் திடலுக்குப் போகவில்லை. புது மேற்பாகம் வர ஆறு வாரம் ஆயிற்று.